தோல், குரோமியம், நிலம்: சுத்தம் செய்வது யார், சுத்தமான நிலம் யாருக்கு?

1

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஓர் ஆலை இருந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்று பெயர். 1970களின் நடுவில் தொடங்கி, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைச் செய்து 20 வருசம் விற்றது. 1995 வாக்கில் மூடப்பட்டது. மூடிப்போனவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுப்போனது ஒரு குவியல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2 லட்சத்து 27 ஆயிரம் டன் கழிவு. ரெண்டு ஆள் உயரத்துக்கு, 3 முதல் 5 மீட்டர் வரைக்கும், வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கி நிலத்தடிக்குப் போனது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகத்திலேயே மிகவும் கெட்டுப்போன 10 இடங்களின் பட்டியலை வெளியிட்டபோது, செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டை பெயரும் அதில் இருந்தது.

எங்கோ பாலாற்றங்கரையில் கிடக்கிற கழிவைப் பற்றிப் பவானிக்கரைக் கோபிசெட்டிபாளையத்துக்காரன் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கலாம். நான் பிறந்தது மாதாரி வளவில். வீட்டுக்குள்ளே தெலுங்கு, வெளியே தமிழ். எங்கள் சாதிக்கு ஊர் கொடுத்த வேலை தோல். தோலை நாங்கள் தொட்டதால் நாங்கள் தீட்டானோம் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதே தோல் பிறகு கோடி கோடியாக ஏற்றுமதிச் சரக்காக மாறியது. அப்போது அதைத் தொட்ட முதலாளிக்குத் தீட்டு ஒட்டவில்லை. ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் நிஜமான நஞ்சு ஒட்டியது. இப்போது அந்த நஞ்சைக் கழுவ வேண்டும் என்கிறார்கள். கழுவுகிற வேலை வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இது நம்முடைய வரலாறு. நாம்தான் எழுத வேண்டும்.

2

கொங்கு நாட்டு விவசாயத்தின் பெருமையைப் பேசாத ஆள் இல்லை. கொடிவேரி அணை, தடப்பள்ளி வாய்க்கால், அரக்கன்கோட்டை வாய்க்கால், அதிலே பாயும் 24,504 ஏக்கர் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். வாய்க்கால் பாயாத மேட்டுக்காடு எப்படி விளைந்தது? கிணற்றால் விளைந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் எப்படி மேலே வந்தது? கவலையால் வந்தது. ரெண்டு எருது பின்னுக்கும் முன்னுக்கும் நடக்க, வடம் இழுக்க, பறி நிறைந்து மேலே வரும். அதன் அடியில் தொங்குகிற தோல் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். அந்தப் பறியைத் தைத்தவன் யார்? வாலைத் தைத்தவன் யார்? எருது கட்டும் வார், உழவனுக்குச் செருப்பு எல்லாம் யார் கை? மாதாரி கை.

பண்ணயத்துக்காரர் வீட்டு மாடு செத்தால் மாதாரி இழுத்துக்கொண்டு போக வேண்டும். தோலை உரித்து, சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திப் பறி தைத்துத் தர வேண்டும். கூலி, களத்தில் கடைசியாகக் கூட்டிக் கிடைக்கிற தவசம். எங்க அப்பாரு சொல்வார்:

"பறி நம்ம கைல தெச்சது. அதுல எறைக்கற தண்ணிய அவுங்க குடிப்பாங்க, குளிப்பாங்க, சாமிக்கும் ஊத்துவாங்க. அது தீட்டில்ல. நாம கெணத்துப் படில காலு வெச்சாத்தான் தீட்டு. இதுல என்னடா நாயம்?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சாத்திரத்திலும் பதில் கிடையாது. உழைப்பு வேண்டும், உழைத்த ஆள் வேண்டாம் என்பதுதான் சாதியின் ஒரே விதி. தோல் தீட்டென்றால் பறித்தண்ணீரும் தீட்டாக வேண்டும். தேவைப்படுகிற இடத்தில் தீட்டு மாயமாகப் போய்விடும்.

பழைய தோல் வேலையை நான் புனிதப்படுத்த வரவில்லை. அந்த நாற்றத்திலே பிறந்து அந்த நாற்றத்திலே செத்தவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். செத்த மாட்டை இழுப்பதை விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் சொன்னது சரி. சுண்ணாம்புக் குழி தோண்டிய இடத்துத் தண்ணீரும் கெட்டுத்தான் போனது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செடியும் காயும். மண் அவற்றைக் காலப்போக்கில் செரித்துவிடும். குரோமியத்தை மண் செரிக்காது.

குரோமியம் நம் தோலுக்குள் வந்த கதையும் பறியோடு சம்பந்தப்பட்டது. 1903 வாக்கில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்காரர் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அவர் அந்தத் தோலுக்குக் கண்ட முக்கியமான உபயோகங்களில் ஒன்று கவலைப் பறி. எப்போதும் தண்ணீரில் கிடக்கும் பறிக்குப் பட்டைத் தோலைவிடக் குரோமியத் தோல் நெடுநாள் உழைக்கும் என்பது கணக்கு. பறி செய்யும் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த சாதிக்காரனிடம் அந்தக் கல்வியும் போகவில்லை, முதலும் போகவில்லை. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோயமுத்தூர்ச் சீமையில் மோட்டார் பம்பு பரவியது. கவலை நின்றது. பறியும் நின்றது. எருதுக்குப் பதிலாக மோட்டார் வைத்த பண்ணயத்துக்காரருக்கு வெள்ளாமை பெருகியது. பறி தைத்த மாதாரிக்குத் தவசம் நின்றுபோனது. மிஞ்சினது செருப்பும் பண்ணயக் கூலியும்.

1973இல் பச்சைத்தோல் ஏற்றுமதியை மத்திய அரசு தடை செய்தது. பதனிட்ட தோலும் தோல் பொருளும்தான் வெளிநாடு போகலாம் என்று ஆனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு என்று தோல் ஷாப்புகள் பெருத்தன. வாரக்கணக்கில் ஊறிய தோல் இப்போது டிரம்மில் சுழன்று ஒன்றிரண்டு நாளில் பதமானது. அந்த வேகத்துக்கு விலையாக வந்ததுதான் குரோமியம். அதைச் செய்து கொடுக்கத்தான் ராணிப்பேட்டை ஆலை.

3

குரோமியத்தின் சங்கதியைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். புரியாத வார்த்தையைச் சொல்லித்தான் நம்ம சனங்களை ஏமாற்றுகிறார்கள்.

குரோமியத் தாதுவைச் சோடாச் சாம்பலோடும் சுண்ணாம்போடும் சேர்த்து உலையில் வறுப்பார்கள். அதிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவது சோடியம் குரோமேட். அதை அமிலத்தில் போட்டால் பைகுரோமேட். இவை ஆறாம் நிலைக் குரோமியம். பிறகு சர்க்கரைப் பாகு போன்றவற்றைச் சேர்த்து அதை மூன்றாம் நிலைக்கு இறக்கினால் தோல் பதனிடும் உப்பு. மூன்றாம் நிலை அவ்வளவு கொடியதல்ல. ஆறாம் நிலை தண்ணீரில் எளிதாகக் கரையும், உடம்புக்குள் எளிதாகப் புகும், புற்றுநோய் கொடுக்கும். வறுத்து எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கையில் ஆறாம் நிலை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ராணிப்பேட்டைக் குவியல் அந்தச் சக்கை. மழைத்தண்ணீர் மஞ்சளாக இறங்கியதற்கு அதுதான் காரணம். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. மஞ்சள் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

குரோமேட் தூளில் வேலை செய்கிறவனுக்குக் கையிலே வட்டமாகப் புண் விழும். வலி பெரிதாக இருக்காது, ஆனால் எலும்பு வரைக்கும் குடைந்துகொண்டே போகும். மூக்குக்குள் நடுத்தண்டு ஓட்டையாகும். இது நம்ம ஊர் வியாதி மட்டுமல்ல. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவை ஒட்டிய ரூதர்கிளென்னில் ஜே அண்ட் ஜே ஒயிட் என்ற குரோமேட் ஆலை இருந்தது. அதன் முதலாளி ஓவர்டூன் பிரபு பெரிய பக்திமான். ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று பிரச்சாரம் செய்தவர். அவருடைய ஆலையில் மட்டும் ஞாயிறும் வேலை, 12 மணி நேர வேலை. 1899இல் தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டி இதைத் துண்டுப் பிரசுரம் போட்டு அம்பலப்படுத்தினார். மூக்கு ஓட்டையான தொழிலாளிகள் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது. ஆக 1899லேயே இது என்ன நஞ்சு, உடம்பை என்ன செய்யும் என்பது அச்சில் வந்துவிட்டது. 75 வருசம் கழித்து ராணிப்பேட்டையில் ஆலை வைத்தவர்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நாம் நம்ப வேண்டியதில்லை.

எங்க சின்ன மாமன் ஈரோட்டுப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் 11 வருசம் டிரம்மில் வேலை பார்த்தார். விரல் மூட்டுகளில் ஓட்டைப் புண். சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியில் சாப்பிடுவார். மேஸ்திரியிடம் சொன்னால் "தேங்காண்ணெ போட்டுக்கடா, செரியாப் போயிரும்" என்பான். கையுறை கேட்டால் அடுத்த நாளிலிருந்து வேலை கிடையாது. பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, வருகைப் பதிவேட்டில் பேரும் கிடையாது. அந்த ஷாப்பு மூடியபோது அவருக்கு 1 ரூபாய் நட்டஈடு வரவில்லை. ஏனென்றால் அவர் அங்கே வேலை பார்த்ததற்குக் கைப் புண்ணைத் தவிர வேறே சாட்சி இல்லை.

4

சரி, ஆலை மூடியாயிற்று. நிலத்தை எப்படிச் சுத்தம் செய்வது?

வழிகள் சில இருக்கின்றன. ஆறாம் நிலைக் குரோமியத்தை இரும்புச் சல்பேட் போன்றவற்றைக் கலந்து மூன்றாம் நிலைக்கு இறக்கலாம். கழிவை அள்ளிக்கொண்டு போய், தண்ணீர் கசியாத குழியில் புதைக்கலாம். இருந்த இடத்திலேயே மேலே மூடி போட்டுப் பக்கத்தில் தடுப்புச் சுவர் எழுப்பலாம். கெட்ட நிலத்தடி நீரை இறைத்து இறைத்துச் சுத்திகரிக்கலாம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், வருசங்கள் வேண்டும். எது மலிவோ அதைத்தான் கம்பெனியும் அரசாங்கமும் தேடும். மலிவான வழி எப்போதும் மூடிவைக்கிற வழி.

எவ்வளவு சுத்தம் செய்தால் சுத்தம் என்று யார் தீர்மானிப்பது? கொடைக்கானலைப் பாருங்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுனிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை 1984இல் அங்கே ஓடத் தொடங்கியது. 1987இல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். அது ஒரு வெற்றி. போராடியதால் வந்த வெற்றி. ஆனால் மண்ணில் கலந்தது மிஞ்சியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். கம்பெனியின் தாய்நாடான இங்கிலாந்தில் இப்படி ஒப்புக்கொள்வார்களா என்று போராடியவர்கள் கேட்டார்கள். வெள்ளைக்காரன் குழந்தைக்கு ஓர் அளவு, நம் குழந்தைக்கு ஓர் அளவு என்றால் அதற்கு என்ன பேர்? ஊரிலே தேநீர்க் கடையில் ரெட்டைக் குவளை வைத்தவர்களை நமக்குத் தெரியும். மண்ணுக்கும் ரெட்டைக் குவளை வைக்கிறார்கள். 2016இல் தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. மூடி 15 வருசம் கழித்து.

போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு. ஆலை வளாகத்தில் கிடந்த கழிவில் 337 டன்னை அங்கிருந்து அகற்ற 40 வருசம் ஆயிற்று. 2025 ஜனவரி தொடக்கத்தில் லாரிகளில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். பீதம்பூர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் அந்த ஆண்டு நடுவிலே அங்கேயே எரித்து முடித்தார்கள். ஓர் ஊர் ஏழையின் வாசலிலிருந்து இன்னோர் ஊர் ஏழையின் வாசலுக்கு நஞ்சைத் தூக்கி வைப்பதற்கும் சுத்தம் என்றுதான் பேர்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜெர்சி நகரத்தில் இதே குரோமியக் கழிவு. 2003இல் நீதிமன்றம் ஹனிவெல் கம்பெனிக்கு, மூடி போடும் பேச்சே கூடாது, முழுசாகத் தோண்டி எடு என்று உத்தரவு போட்டது. வழக்குப் போட்டது அந்தப் பகுதி மதச் சபைகள் சேர்ந்த சமூக அமைப்பும் குடியிருப்பு மக்களும். 10 லட்சம் டன்னுக்கு மேல் தோண்டி எடுத்தார்கள். பிறகு அந்த நிலத்தை நகராட்சியே வாங்கியது. அங்கே எழும் வீடுகளில் ஒரு பங்கு குறைந்த வருமானக்காரருக்கு என்று திட்டம் போட்டது. அங்கேயும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழுசாகத் தோண்டு என்று ஒரு கோர்ட்டு சொல்ல முடியும், சுத்தமான நிலத்தில் ஏழைக்குப் பங்கு உண்டு என்று ஒரு நகரம் சொல்ல முடியும் என்பது தெரிகிறது. ராணிப்பேட்டையில் குவியலின் மேலே 20 வருசத்துக்கும் மேல் திட்ட அறிக்கைதான் குவிந்தது.

5

'சுத்தப்படுத்துதல்' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு பழைய வரலாறு உண்டு. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாட் நகரத்தில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தீண்டப்படாத மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் சுத்தப்படுத்தினார்கள். எப்படி? 108 குடம் எடுத்து, பால், தயிர், சாணம், மாட்டு மூத்திரம் கலந்து மந்திரம் சொல்லிக் குளத்தில் கொட்டினார்கள். மனிதன் குடித்த தண்ணீர் அசுத்தம், சாணம் கொட்டிய தண்ணீர் சுத்தம். இந்தியா செய்த மாசு அகற்றும் பணிகளில் இது ஒன்று. அன்றைக்கே முடித்துவிட்டார்கள். குரோமியத்துக்கு 30 வருசம் போதவில்லை.

வித்தியாசத்தைப் பாருங்கள். குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம் என்று எல்லை உண்டு. அதற்குக் கீழே இருந்தால் குடிக்கலாம். மாதாரிக்கு எந்த அளவிலும் எல்லை கிடையாது. ஒரு சொட்டு நிழல் பட்டாலும் தீட்டு. குரோமியத்தை ஆறிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிடலாம். சாதியை இறக்கும் இரசாயனத்தை இந்தியச் சமூகம் கண்டுபிடிக்க விரும்பவில்லை.

சாணக் குடத்தைத் தூக்கியவர்கள் மேல்சாதி. ஆனால் நிஜமான அசுத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலை வரும்போது குடம் கை மாறும். 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் குரோமியச் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். கழிவைச் சுத்தம் செய்வதற்காகக் கட்டிய இடம் அது. பாலாற்றங்கரைத் தோல் ஷாப்புகளின் கழிவுத் தொட்டிகளில் அடைப்பு எடுக்க இறங்கி விஷவாயு தாக்கிச் செத்தவர்களின் கதை வருசா வருசம் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் 1993இல் வந்தது. 2013இல் இன்னொன்று வந்தது. சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் கொடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது. இறங்குகிற சாதி மாறவில்லை.

நாளைக்கு ராணிப்பேட்டைக் குவியலை அள்ளப்போகிற காண்டிராக்டர் கோட்டு சூட்டோடு வருவார். மேலே பொக்லைன் இருக்கும். பொக்லைனுக்கு எட்டாத மூலைக்கு மண்வெட்டியோடு யார் போவது? தூள் பறக்கும் லாரியின் மேலே தார்ப்பாய் கட்ட யார் ஏறுவது? நிலத்தைச் சுத்தம் செய்வது கோடி ரூபாய்த் தொழிலாகிவிட்டால் அது என்ஜினியர் வேலை. அதிலேயே தினக்கூலிக்குச் செய்கிற பங்கு மட்டும் குலத்தொழில்.

6

நட்டஈட்டுக்கு வருவோம். 1996 ஆகஸ்டில் வேலூர் தோல் கழிவு வழக்கில் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பெரிய தீர்ப்பு. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உட்கார வைத்தது. அதன்படி சூழலிழப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. பணம் வந்து சேராமல் வழக்குகள் இழுத்தன. 2025 ஜனவரி 30ஆம் தேதிகூட உச்சநீதிமன்றம் பாலாற்று மக்களுக்கு நட்டஈடு கொடுங்கள் என்று மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்தது.

அதே ஆணையம் நம்ம பக்கம் நொய்யலுக்கும் கணக்குப் போட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை சாயக் குளமானது எல்லாருக்கும் தெரியும். 2004இல் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் என்று தீர்ப்பானது. 2011 ஜனவரி 28இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிகள் வழக்கு நடத்தி வாங்கிய நியாயம் இது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. நொய்யல் கெட்டது அநியாயம்.

ஆனால் கணக்கு எதை வைத்துப் போடப்பட்டது? நிலத்தை வைத்து. எத்தனை ஹெக்டேர், மண்ணில் எவ்வளவு உப்பு என்று பார்த்து. பட்டா வைத்திருப்பவன் விவசாயி. அந்தக் காட்டில் களை எடுத்தவள், நாற்று நட்டவள், மஞ்சள் தோண்டியவள், தண்ணி கட்டினவன் யார்? கெட்டுப்போன காட்டில் கூலி போனது யாருக்கு? மாடு குடித்துச் செத்தால் கணக்கு உண்டு. அந்தத் தண்ணீரில் துணி துவைத்த ஆத்தாளுக்குச் சொறி வந்தால் எந்த ஹெக்டேரில் எழுதுவது? வளவு முழுக்கப் புறம்போக்கு நத்தம். எங்களுக்கு ஏக்கர் இல்லாததால் இழப்பும் இல்லை என்று ஆயிற்று. நிலத்தை முதலில் பறித்தாயிற்று. பிறகு நிலமில்லாதவனுக்கு நட்டஈடில்லை என்று சொல்லியாயிற்று. ஒரே ஆளிடம் ரெண்டு தரம் திருடுவது இதுதான்.

7

கடைசிக் கேள்வி நிலம். ஆலை மூடிக் கிடக்கும் நிலம் சுத்தமான பிறகு யாருக்கு?

நம்ம பவானிக்கே வருவோம். பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு மேலே, சிறுமுகையில், தென்னிந்திய விஸ்கோஸ் ஆலை இருந்தது. மரத்தைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து ரேயான் நூல் இழுத்தது. கழிவு பவானியில் இறங்கியது. அந்தத் தண்ணீர்தான் கோபிக்கும் சத்திக்கும் குடிதண்ணீர். 1990களில் போராட்டம், வழக்கு எல்லாம் நடந்தது. 2000ஐ ஒட்டி ஆலை நின்றுபோனது. தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். வளாகத்தில் புதர் மண்டி, சிறுத்தை நடமாட்டம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. கோபிக்குத் தெற்கே பெருந்துறை சிப்காட்டில் தோல் ஷாப்பும் சாயப்பட்டறையும் வந்து, சுற்று வட்டாரக் கிணறு கெட்டது. நம்ம வளவுப் பசங்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அதுவும் ஒருநாள் மூடும். மூடும்போது ராணிப்பேட்டை மாதிரி விட்டுப்போவார்களா?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்கள் மேலாண்மைக்கென்று முதன்முதலாகத் தனி விதிகளை வெளியிட்டது. நாட்டில் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டன, 7 இடங்களில்தான் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது என்று அப்போது செய்தி. விதி வந்தது நல்லது. ஆனால் சுத்தமான நிலத்துக்கு விலை ஏறும். சாலை ஓரத்து சிப்காட் நிலம் தங்கம். கெட்டுக் கிடந்த காலமெல்லாம் அதன் ஓரத்தில் குடியிருந்து அதன் தண்ணீரைக் குடித்தவர்கள் ஒரு பக்கம். விலை ஏறிய பிறகு வந்து மனை போடுகிறவர்கள் ஒரு பக்கம்.

நமக்கு நிலம் கொடுத்த வரலாறும் ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். விற்கக்கூடாது, வேறு சாதி வாங்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கை மாறிப்போனது. அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். காரணை நிலத்துக்காகக் கொடுத்த உயிர் அது. ஆகையால் நிலத்தைக் கேட்கும்போது நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

நம்முடைய கோரிக்கைகளை இப்படி வைக்கிறேன். தோழர்கள் சேர்க்கட்டும், திருத்தட்டும்.

ஒன்று. ஆலை மூடும் முன்னால் அங்கே வேலை பார்த்த அத்தனை பேர் பெயரும் பதிவாக வேண்டும். காண்டிராக்ட் கூலி, தினக்கூலி, பெருக்குகிற பெண்கள் உட்பட. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குச் சக தொழிலாளி சாட்சி போதும். மருத்துவச் செலவு மாசுபடுத்தியவன் தலையில்.

ரெண்டு. எவ்வளவு சுத்தம் என்ற அளவை ஊரும் வளவும் கூடிய கூட்டத்தில், தமிழில் எழுதி வாசித்து, கேள்வி கேட்க விட்டு முடிவு செய்ய வேண்டும். ஊர்ச் சாவடியில் நடக்கும் கூட்டத்துக்கு நாம் போக முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடக்கட்டும்.

மூன்று. கழிவுத் தொட்டியிலும் குவியலிலும் மனிதன் இறங்கக் கூடாது. இயந்திரம் வாங்கக் காசில்லை என்பவனுக்குக் காண்டிராக்ட் கிடையாது.

நாலு. நட்டஈடு ஏக்கரை மட்டும் பார்த்து அல்ல, ஆளையும் பார்த்து. போன கூலிக்கும் கெட்ட உடம்புக்கும் தனிக் கணக்கு.

அஞ்சு. சுத்தமான நிலத்தில் முதல் உரிமை அங்கே வேலை செய்த, அதன் ஓரத்தில் வாழ்ந்த நிலமற்றவர்களுக்கு. மனைப்பட்டா பெண்கள் பெயரில். விற்க முடியாத நிபந்தனையோடு, அந்த நிபந்தனையைக் காப்பாற்ற நம் ஆட்கள் இருக்கும் குழுவோடு. முழுசாகச் சுத்தமாகாத நிலத்தை மட்டும் நமக்குக் கொடுத்து வீடு கட்டிக்கொள் என்றால் அதை வாங்கக் கூடாது. சுடுகாட்டு ஓரம், சாக்கடை ஓரம், குளத்து உள்வாய் என்று கொடுத்த பழக்கத்தில் நாளைக்குக் குரோமிய மேட்டையும் கொடுப்பார்கள்.

பறி தைத்த சாதிக்குக் கிணற்றில் பங்கு கிடைக்கவில்லை. தோல் பதனிட்ட சாதிக்குத் தோல் ஏற்றுமதியில் பங்கு கிடைக்கவில்லை. நஞ்சில் மட்டும் முழுப் பங்கு கிடைத்தது. அந்த நஞ்சைக் கழுவின நிலத்தில் பங்கு கேட்பது இந்தத் தலைமுறையின் வேலை. விதிகள் புதிதாக வந்திருக்கும் இந்த நேரத்திலேயே, இடங்களின் பட்டியல் தயாராகும் இந்த நேரத்திலேயே கேட்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மூடிக் கிடக்கும் ஆலை எது, அதன் ஓரத்தில் எந்த வளவு, எந்தச் சேரி என்று நம் தோழர்கள் எழுதி எடுக்கட்டும். பெருந்துறையை நாங்கள் எடுக்கிறோம்.